‘உள்ளேன் ஐயா’ என்று சொன்னால் போதாதா?

போதைப்பொருள் வழக்கில் கைதான நைஜீரிய நாட்டவர் ஒருவருக்கு 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. கூடவே வழக்கத்தில் இல்லாத ஒரு நிபந்தனையையும் போட்டது: அவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்துக்குப் ‘பின்’ போட்டு, அது விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தப் பின் எப்படி வேலை செய்கிறது என்று நீதிபதிகள் கூகுள் நிறுவனத்திடமே விளக்கம் கேட்டார்கள். அதைப் பகிர்வதும் பகிராமல் விடுவதும் பயனர் கையில்தான் இருக்கிறது, அதை வைத்து ஆள் போகும் வழியெல்லாம் நேரலையாகப் பின்தொடர முடியாது என்று பதில் வந்தது. 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் காவல் துறை தொடர்ந்து கவனிக்க வழிவிடும் எந்த நிபந்தனையும், அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பு சொன்னது.

‘இங்கே இருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வது ஒன்று. அவர் எங்கே இருக்கிறார் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் கேட்பது அந்த ஒரு பதிலைத்தான். பதில் வந்ததும் பேரேட்டை மூடிவிடுகிறார். வரைபடச் செயலிகளில் ‘செக்-இன்’ என்று ஒரு பொத்தான் வந்தபோது அதுவும் அந்த அளவில்தான் இருந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் செயலி செய்பவர்கள் அந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தார்கள். அழித்ததை மறுபடி போட வேண்டியதும் அவர்கள்தான்.

செக்-இன் பிறந்த கதை சுவையானது. 2000களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டென்னிஸ் கிரௌலியும் அலெக்ஸ் ரெய்னர்ட்டும் டாட்ஜ்பால் என்ற சேவையை நடத்தினார்கள். கைபேசியில் ஜிபிஎஸ் சகஜமாகாத காலம் அது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எஸ்எம்எஸ் அனுப்பினால், சுற்றியுள்ள சில தெருக்களுக்குள் இருக்கும் நண்பர்களுக்குத் தகவல் போகும், அவ்வளவுதான். 2005இல் கூகுள் அதை வாங்கியது, 2009இல் மூடியது. அதே 2009 மார்ச்சில், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் ஃபோர்ஸ்கொயர் வெளியானது. கிரௌலியோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் சென்னையில் பிறந்த நவீன் செல்வதுரை.

ஃபோர்ஸ்கொயரில் அப்போது, ஒரு கடைக்குப் போனால் செயலியைத் திறந்து செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. முந்தைய 60 நாட்களில் அதிக நாட்கள் அங்கே வந்தவர் அந்தக் கடைக்கு ‘மேயர்’ ஆனார். 2010இல் ஸ்டார்பக்ஸ் தன் கடைகளின் மேயர்களுக்கு ஒரு டாலர் தள்ளுபடி கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாசா விண்வெளி வீரர் டக்ளஸ் வீலாக் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து செக்-இன் செய்தார். 2011 ஜூனில் பயனர்கள் ஒரு கோடியை எட்டினார்கள்.

விளையாட்டுத்தனம்தான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. விரல் பட்டால்தான் பதிவாகும். காலையில் புத்தகக் கடைக்குப் போனதை ஒருவர் ஊருக்கெல்லாம் சொல்லலாம்; மாலையில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனதைச் சொல்லாமல் விடலாம். எதைச் சொல்வது என்பது அவருடைய இஷ்டம்.

அந்தப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கைபேசிக்குக் கிடைக்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசி காட்டும் இடம் பொதுவாக 5 மீட்டர் வட்டத்துக்குள் சரியாக இருக்கும். தி. நகர் ரங்கநாதன் தெருவில் அப்படி எதிர்பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் கட்டடங்களில் சமிக்ஞை மோதித் திரும்புகிறது, கணக்கு பிசகுகிறது. பக்கத்து வைஃபை கருவிகளையும் செல்போன் கோபுரங்களையும் வைத்துக் கைபேசி ஒரு மாதிரி ஊகித்துக்கொள்கிறது. திரையில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் விரிகிறதே, ‘இதற்குள் எங்கேயோ இருக்கிறார்’ என்று கைபேசி ஒத்துக்கொள்வது அது.

அந்த வட்டத்துக்குள் பத்திருபது கடைகள் இருக்கும். கீழே பாத்திரக் கடை, முதல் மாடியில் துணிக்கடை, மூன்றாவது மாடியில் பல் மருத்துவர் என்றால் வரைபடத்தில் எல்லாமே ஒரே புள்ளி. ஆகவே செயலி பக்கத்து இடங்களை வரிசையாகக் காட்டி, இதில் எது என்று கேட்கும். வந்தவர் ஒன்றைத் தொடுவார். இயந்திரத்துக்குத் தெரியாததை ஆள் சொல்லி முடிக்கிறார். செக்-இன் என்ற ஏற்பாட்டிலேயே துல்லியமான பகுதி அந்த ஒரு தொடுகைதான்.

செயலி செய்பவர்கள் அதையே தொந்தரவு என்று நினைத்தார்கள். பயனர் செயலியைத் திறக்க மறந்துவிடுகிறார், வரிசையில் தேடச் சலித்துக்கொள்கிறார், நாமே கண்டுபிடித்துப் போட்டுவிடலாமே என்ற யோசனை வந்தது. வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டு, கைபேசி அதற்குள் வந்ததும் பதிவு செய்துகொள்ளும் ‘ஜியோஃபென்ஸ்’ முறை பரவியது. இந்த வேலியின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் வரை இருந்தால் நல்லது என்று ஆண்ட்ராய்டு தன் செயலிப் பொறியாளர்களுக்குச் சொல்லும் குறிப்பிலேயே இருக்கிறது. கடைத்தெருவில் நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு முழுக்க அடங்கிவிடும். மருத்துவமனை வாசலில் சிக்னலுக்கு நின்ற பேருந்தில் இருந்தவரும், கர்ப்பப் பரிசோதனைக்கு உள்ளே போனவரும் அந்த வேலிக்கு ஒன்றே. எத்தனை நேரம் நின்றார் என்பதை வைத்துப் பிரித்துவிடலாம் என்பார்கள். அதற்கு அவரை இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். ஒரு கோளாறை மறைக்க, கண்காணிப்பு ஒரு படி ஏறுகிறது.

இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே ஊரெல்லாம் செக்-இன் போட்டு மேயர் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2010 ஏப்ரலில் ஃபோர்ஸ்கொயர், சொன்ன இடமும் கைபேசி காட்டும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கத் தொடங்கியது. தள்ளுபடி கொடுக்கும் கடைக்காரர் அதை எதிர்பார்ப்பது நியாயமே. பொத்தானை அழுத்திய நொடியில் அந்தச் சரிபார்ப்பை ஒருமுறை செய்தால் முடிந்தது. ஆனால் ஆள் சொல்வதைவிடக் கைபேசி சொல்வதையே நம்பலாம் என்ற மனப்பான்மைக்கும் கதவு திறந்தது அங்கேதான்.

பணம் எங்கே இருக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2014இல் ஃபோர்ஸ்கொயர் செக்-இன் பொத்தானைப் பிரித்து ஸ்வார்ம் என்ற தனிச் செயலிக்குள் வைத்தது. 2015 செப்டம்பரில், ஆப்பிள் கடைகளில் கூடிய கூட்டத்தை வைத்து, புதிய ஐபோன் முதல் வார இறுதியில் 1.3 கோடியிலிருந்து 1.5 கோடி வரை விற்கும் என்று சொன்னது. ஆப்பிள் அறிவித்த கணக்கு 1.3 கோடிக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சிப்போட்லே உணவகச் சங்கிலியின் காலாண்டு விற்பனை ஏறத்தாழ 30 சதவீதம் சரியும் என்று முன்கூட்டியே கணித்தது, அப்படியே சரிந்தது. பொத்தானை அழுத்தியவர்களின் பதிவுகளோடு, பின்னணியில் இருப்பிடத்தை அறிய அனுமதி கொடுத்திருந்த கைபேசிகளின் நடமாட்டமும் சேர்ந்துதான் இந்தக் கணிப்புகளைத் தந்தது. நண்பர்களுக்குச் சொல்லக் கட்டிய ஏற்பாடு, பங்குச் சந்தைக்காரர்கள் காத்திருந்து கேட்கும் தகவலாக மாறிவிட்டது.

பெயரை எடுத்துவிட்டுத்தானே விற்கிறோம் என்று இந்தத் துறையினர் சமாதானம் சொல்வதுண்டு. அது நிற்காது. 15 லட்சம் பேரின் செல்போன் நடமாட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. 2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், 1.2 கோடிக்கும் மேற்பட்ட கைபேசிகளிலிருந்து திரட்டிய 5,000 கோடி இருப்பிடப் பதிவுகள் அடங்கிய ஒரு கோப்பை ஆராய்ந்து எழுதியது. அதில் பெயர்கள் இல்லை. ஆனால் இரவில் ஒரு கைபேசி எந்த வீட்டில் இருக்கிறது, பகலில் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால் பெயருக்கு என்ன குறை? அரசு அதிகாரிகளைக்கூட அடையாளம் காண முடிந்தது.

கையால் செய்த செக்-இன் எல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. வெளியே போன இடத்தின் செக்-இன்னை எல்லோரும் பார்க்கப் போடுவது, வீட்டில் ஆள் இல்லை என்று அறிவிப்பதற்குச் சமம் என்பதை உணர்த்தவே 2010இல் நெதர்லாந்து இளைஞர்கள் சிலர் ‘பிளீஸ் ராப் மீ’ என்ற தளத்தை நடத்தினார்கள். 2012இல் வந்த ‘கேர்ள்ஸ் அரவுண்ட் மீ’ செயலி இன்னும் மோசம். பெண்கள் பொதுவில் போட்ட ஃபோர்ஸ்கொயர் பதிவையும் ஃபேஸ்புக் படத்தையும் இணைத்து, எந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று முன்பின் தெரியாத ஆண்களுக்கு வரைபடத்தில் காட்டியது. அந்தப் பெண்கள் யாரும் இதற்குச் சம்மதிக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ஃபோர்ஸ்கொயர் தன் தரவைக் கொடுப்பதை நிறுத்தியது. அந்தச் செயலி ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து போய்விட்டது. தோழிகளுக்குச் சொன்ன சேதியை யார் யார் எடுக்கலாம், எத்தனை நாள் அது கிடக்கும் என்று முதலிலேயே யோசிக்காததன் விளைவு அது.

இவ்வளவும் வசதி உள்ளவர்களின் கதை. அவர்கள் செயலியை நீக்கிவிடலாம். நீக்க முடியாதவர்களின் கதைதான் இந்தியாவில் பெரிது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப்பதிவுக்காக ஒன்றிய அரசு 2021 மே மாதம் என்எம்எம்எஸ் என்ற செயலியைக் கொண்டுவந்தது. தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் ஏற்ற வேண்டும். காகித மஸ்டர் ரோலில் பொய்ப் பெயர்கள் ஏறுவதைத் தடுப்பது நோக்கம்; நல்ல நோக்கம்தான். நடந்தது என்ன? சிக்னல் கிடைக்காத இடங்களில் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் வந்தவர் வராதவர் ஆகிவிடுவார். வெட்டிய மண் வெட்டியபடி கிடக்க, கூலி கைக்கு வராது. அளந்து கொடுத்த வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தவர்கள், இரண்டாவது படத்துக்காகத் தளத்திலேயே காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் தொடர் போராட்டம் தொடங்கியபோது அவர்களுடைய கோரிக்கைகளில் இந்தச் செயலியை விலக்குவதும் ஒன்று.

திருட்டாவது நின்றதா என்றால், 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் பதில் சொல்கிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் எடுத்து ஏற்றியவை, படத்தில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் பதிவில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தாதவை என்று முறைகேடுகளை வரிசைப்படுத்தியது அந்தக் கடிதம். கிராம ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆட்களே உட்கார்ந்து சரிபார்க்கச் சொன்னது. ஏமாற்றத் துணிந்தவருக்கு வழி கிடைத்துவிட்டது. நேர்மையாக வந்து மண் சுமந்த பெண்தான் கூலியை இழந்தார். கருவி மீது வைத்த நம்பிக்கையில் பாதியை அந்தப் பெண்ணின் வார்த்தை மீது வைத்திருக்கலாம்.

நகரங்களில் இந்தக் கண்காணிப்பு உடம்பிலேயே ஏறிவிட்டது. சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற ஊர்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். வேலை நேரம் முழுவதும் ஆள் எங்கே என்பது அலுவலகத் திரையில் தெரியும். கழிப்பறைக்குப் போகும்போதும் கையில் அது இருக்கிறதே என்று பெண் பணியாளர்கள் கூசினார்கள். தெரு சுத்தமாக இருக்கிறதா என்பதைத் தெருவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஜாமீனில் வந்தவருக்கு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கண்ணியம், தெருக் கூட்டுபவருக்கு இல்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

நல்ல செக்-இன் எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னைவாசிகளே சாட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறியபோது ஃபேஸ்புக் தன் ‘சேஃப்டி செக்’ வசதியைச் சென்னைக்குத் திறந்துவிட்டது. நீங்கள் பத்திரமா என்று ஒரு கேள்வி. ஆம் என்று ஒரு பொத்தான். அழுத்தினால், துபாயிலும் சிங்கப்பூரிலும் தூங்காமல் இருந்த உறவினருக்குச் செய்தி போனது. எந்தத் தெரு, எந்த மாடி, எவ்வளவு தண்ணீர் என்று எதுவும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும், சொல்ல வேண்டியவர்களுக்கு, சம்பந்தப்பட்டவரே சொன்னார். ஃபேஸ்புக் மற்ற விஷயங்களில் செய்தவை எப்படியிருந்தாலும், அந்த ஒரு பொத்தானை யோசித்தவர்களுக்குச் சென்னை கடன்பட்டிருக்கிறது.

பெண்கள் இரவில் தனியாகப் போகும்போது நேரலை இருப்பிடம் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். 2017இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த ‘லைவ் லொகேஷன்’ அதற்கு நல்ல உதாரணம். 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று அனுப்புபவரே அளவு வைக்கிறார். நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். முடிவில்லாத வாய்ப்பு என்று ஒன்றை அதில் வைக்கவே இல்லை. இத்தனைக்குப் பிறகும், கல்லூரி விடுதியில் இருக்கும் மகளிடமும் வேலைக்குப் போகும் மனைவியிடமும் ‘லைவ் லொகேஷனைப் போட்டுவிடு’ என்று தினமும் உத்தரவிடும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கு எந்தச் செயலியும் மருந்தாகாது. ஆனால் 8 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால், மறுப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்பாவது மிஞ்சும்.

எல்லாம் கட்டுமானத்தில் இருக்கிறது. சென்னைக்குப் பொதுவாகக் குறிக்கும் அட்சரேகை 13.0827. புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம். ஒரு வீட்டைச் சுட்டிவிடலாம். 13.08 என்று இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பேட்டை தெரியும், வீடு தெரியாது. பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று சொல்ல இரண்டு இலக்கம் தாராளம். நான்கு இலக்கத்தையும் வாங்கி சர்வரில் வைத்துக்கொள்ளும் செயலி, வேறு எதற்கோ வைத்துக்கொள்கிறது. தோராய இருப்பிடம் மட்டும் கொடுக்கும் வசதி ஐபோனில் 2020இலும் ஆண்ட்ராய்டில் 2021இலும் வந்துவிட்டது. போய்வந்த இடங்களின் பட்டியலை எங்கோ இருக்கும் கணினியில் குவிக்காமல் பயனரின் கைபேசியிலேயே வைக்க முடியும் என்பதை, 2023 டிசம்பரில் டைம்லைனை அப்படி மாற்றுவதாக அறிவித்து கூகுளே ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு இருப்பிடத் தகவலைச் சேகரித்த விதம் தொடர்பாக அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட நிறுவனம் அது. முடியாது என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் தெளிவாகவும் தேவைக்கு உட்பட்டும் இருக்க வேண்டும், கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தில் திரும்பப் பெற முடிய வேண்டும், அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்பவை அதில் உள்ள நல்ல அம்சங்கள். ஆனால் அதன் 7ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகளுக்கும் அரசின் சலுகைகளை வழங்குவதற்கும் சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. சாப்பாட்டுக் கடை தேடுபவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஏரி தூர்வாருபவரிடமும் குப்பை அள்ளுபவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்ள முடியும். அதை மாற்றச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருகைப்பதிவுச் செயலிக்கு டெண்டர் விடும் மாநகராட்சியும் அரசுத் துறையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதலாம்: பொத்தானை அழுத்தும் நொடியில் மட்டும் இருப்பிடம் எடுக்க வேண்டும், அழுத்தாத நேரத்தில் எடுக்கக் கூடாது, சிக்னல் இல்லையென்றால் பதிவு கைபேசியில் தங்கி, கிடைக்கும்போது ஏற வேண்டும், செயலி வேலை செய்யாத நாளில் பணித்தளப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட காகிதப் பதிவேட்டுக்கு முழுக் கூலி உண்டு.